தனியார் பென்ஷனை அரசுத் திட்டத்துக்கு மாற்றலாமா? முதல் 12 மாதத்துக்குள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

பிரிட்டனில் கவுன்சிலிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில், உங்களைப் பென்ஷன் திட்டத்தில் சேர்த்துவிட்டோம் என்று ஒரு தடித்த உறை வரும், அல்லது அதே சமாச்சாரம் மின்னஞ்சலில் வரும். உள்ளே பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும், அதில் எங்கேயோ ஒரு மூலையில், பழைய வேலைகளில் சேர்ந்த பென்ஷன் இருந்தால் இங்கே கொண்டுவரலாம், ஆனால் சேர்ந்த 12 மாதத்துக்குள் கேட்க வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும். நம் ஆட்களில் பலர் சூப்பர்மார்க்கெட், பெட்ரோல் ஸ்டேஷன், கேர் ஹோம் என்று பல இடங்களில் வேலை பார்த்துவிட்டு நாற்பது, ஐம்பது வயதில் அரசு வேலைக்குள் நுழைகிறவர்கள். 2012இலிருந்து கட்டாயப் பென்ஷன் சேர்ப்பு வந்த பிறகு அந்த வேலைகளிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்ந்திருக்கும். அதனால் இந்தக் கேள்வி பலருக்கும் வருகிறது: அந்தப் பணத்தை அங்கேயே விடுவதா, அரசுத் திட்டத்துக்குள் கொண்டுவருவதா?

"அரசுப் பென்ஷன்தானே, கண்ணை மூடிக்கொண்டு போடு" என்று சொல்லும் சித்தப்பா எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வதில் பாதி சரி. மாதாமாதம் பென்ஷன் என்ற வகையில் இதைவிட உறுதியானது இந்த நாட்டில் கிடையாது. ஆனால் உங்கள் கேள்வி அது இல்லை. புது வேலையே உங்களுக்கு அந்த உறுதியான பென்ஷனைச் சேர்த்துத் தரப்போகிறது, பழைய பணத்தையும் அதே மாதிரி பென்ஷனாக மாற்ற வேண்டுமா என்பதுதான் கேள்வி. எந்த வயதில், எந்த வருடங்களில் உங்களுக்குப் பணம் தேவைப்படும் என்பதை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். எவ்வளவு கிடைக்கும் என்பது அதற்கு அடுத்தபடிதான்.

முதல் வேலை: மதிப்பீடு கேளுங்கள்

பழைய பணத்தைக் கொண்டுவந்தால் எவ்வளவு பென்ஷன் கிடைக்கும் என்ற மதிப்பீட்டை, முடிவெடுக்கும் முன்பே புதுத் திட்ட அலுவலகத்திடம் கேட்டுவிடுங்கள். மதிப்பீடு கேட்பதால் நீங்கள் எதற்கும் கட்டுப்படப் போவதில்லை, கடைசிப் படிவத்தில் கையெழுத்துப் போடும்வரை பணம் எங்கேயும் நகராது. ஆனால் 12 மாதம் போய்விட்டால் கதவு மூடிக்கொள்ளும். உள்ளாட்சி ஊழியர்களுக்கான எல்ஜிபிஎஸ் திட்டத்தில் மட்டும், வேலை கொடுத்தவரும் பென்ஷன் நிதியும் மனது வைத்தால் காலக்கெடுவைத் தாண்டியும் அனுமதிக்க இடமிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை), ஆசிரியர், சிவில் சர்வீஸ் திட்டங்களிலும் இதே 12 மாதம்தான். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனித் திட்டங்கள் இருக்கின்றன, அங்கே வேலை பார்ப்பவர்கள் விதிமுறையை அந்தந்தத் திட்டத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

படிவம் சிக்கலானது இல்லை. பழைய பென்ஷன் கம்பெனியின் பெயர், பாலிசி எண், உங்கள் தேசியக் காப்பீட்டு எண், இந்த விவரங்களைத் தரலாம் என்று ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பழைய கம்பெனி எது என்றே மறந்துபோயிருந்தால் அரசின் பென்ஷன் தேடும் சேவை இலவசம், பழைய முதலாளியின் பெயரைக் கொடுத்தால் எந்தப் பென்ஷன் நிறுவனத்தைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று சொல்லும். விண்ணப்பத்தைப் பதினொன்றாவது மாதத்தில் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் கடிதம் போய் வர மாதக்கணக்கில் ஆவது சகஜம். மூன்றாவது மாதத்திலேயே அனுப்புங்கள், கிடைத்தது என்ற பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எதைக் கொடுத்து எதை வாங்குகிறீர்கள்

தனியார் பென்ஷனில் இருப்பது பணம். சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும், நிறுவனம் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். இப்போது 55 வயதில் எடுக்கத் தொடங்கலாம், 2028 ஏப்ரல் 6 முதல் 57 வயது. கால் பங்கு வரியில்லாமல் வரும், மீதியை உங்களுக்குத் தோதான வேகத்தில் எடுக்கலாம்.

அரசுத் திட்டத்துக்குள் போனதும் அந்தப் பணம் என்ற ஒன்றே இருக்காது. அதற்குப் பதிலாக, இன்ன வயதிலிருந்து ஆயுள் உள்ளவரை வருடத்துக்கு இவ்வளவு என்ற ஒரு வாக்குறுதி உங்கள் கணக்கில் ஏறும். விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். 2023 ஏப்ரலில் இந்தப் பென்ஷன்கள் 10.1 சதவீதம் உயர்த்தப்பட்டன. அதற்கு முந்தைய 2022ஆம் வருடத்தில்தான், ஓய்வு நெருங்குகிறது என்று தனியார் பென்ஷன் பணத்தைப் "பாதுகாப்பாக" அரசுக் கடன் பத்திரங்களுக்கு மாற்றி வைத்திருந்த பலருக்கு அதன் மதிப்பு மளமளவென்று சரிந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அரசுப் பென்ஷன் மேல் ஏன் இவ்வளவு மோகம் என்று புரியும்.

திட்டத்துக்குத் திட்டம் விவரம் மாறும். என்ஹெச்எஸ்ஸில் ஒவ்வொரு வருடச் சம்பளத்திலும் 54இல் ஒரு பங்கு பென்ஷனாகச் சேரும், வேலையில் இருக்கும்வரை அது விலைவாசிக்கு மேல் 1.5 சதவீதம் வளரும். ஆசிரியர் திட்டத்தில் 57இல் ஒரு பங்கு, விலைவாசிக்கு மேல் 1.6. சிவில் சர்வீஸின் ஆல்ஃபா என்ற திட்டத்தில் சம்பளத்தில் 2.32 சதவீதம், எல்ஜிபிஎஸ்ஸில் 49இல் ஒரு பங்கு, இந்த இரண்டும் விலைவாசி அளவுக்கு மட்டும் வளரும். இது நீங்கள் வேலை பார்த்துச் சேர்க்கும் பென்ஷனுக்கு உள்ள கணக்கு. மாற்றிக் கொண்டுவரும் பணத்தில் வாங்கும் பென்ஷன் எந்த வேகத்தில் வளரும் என்பதைத் தனியாக, எழுத்தில் கேளுங்கள். முப்பது வயது நர்ஸுக்கு இந்தக் கேள்வி பெரியது, ஏனென்றால் முப்பது வருடத்துக்கு வருடம் 1.5 சதவீதம் கூடுதலாக வளர்ந்தால் முடிவில் பென்ஷன் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். வேலையை விட்டுப் போனால் அந்தக் கூடுதலும் நின்றுவிடும், பிறகு விலைவாசி அளவுக்குத்தான்.

இன்னொன்று, இந்தப் பென்ஷன் முழுதாகக் கிடைக்கும் வயது அரசு ஓய்வூதிய வயதோடு (வேலைப் பென்ஷன் இல்லை, அரசு பொதுவாகக் கொடுக்கும் ஸ்டேட் பென்ஷன் தொடங்கும் வயது) கட்டப்பட்டிருக்கிறது. 1961 மார்ச் 6க்கும் 1977 ஏப்ரல் 5க்கும் இடையில் பிறந்தவர்களுக்கு 67. 1978 ஏப்ரல் 6க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இப்போதைய சட்டப்படி 68. நாளைக்கு அரசாங்கம் அந்த வயதை ஏற்றினால், நீங்கள் இன்றைக்குப் பணம் கொடுத்து வாங்கிய பென்ஷனும் சேர்ந்து தள்ளிப்போகும். அரசு தன் வாக்கை மீறாது என்பது சரிதான், ஆனால் எப்போது கொடுக்கும் என்பது அரசின் கையில் இருக்கிறது.

கடிதம் வந்ததும் பார்க்க வேண்டிய எண்கள்

ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்களுடையது வேறாக இருக்கும். 52 வயது அக்கா ஒருவர், பதினைந்து வருடம் சூப்பர்மார்க்கெட்டில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஒரு பள்ளியில் டீச்சிங் அசிஸ்டண்ட். பள்ளி என்றாலும் அவர் ஆசிரியர் திட்டத்தில் வரமாட்டார், எல்ஜிபிஎஸ்தான், பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய பென்ஷனில் 42,000 பவுண்டு. அதைக் கொண்டுவந்தால் 67 வயதிலிருந்து வருடம் 3,000 பவுண்டு, இன்றைய மதிப்பில், என்று கடிதம் சொல்கிறது.

முதலில் வகுத்துப் பாருங்கள். 42,000ஐ 3,000ஆல் வகுத்தால் 14. ஒரு பவுண்டு பென்ஷனுக்கு 14 பவுண்டு விலை. இதையே சந்தையில் வாங்கப் போனால் என்ன விலை? மணிஹெல்ப்பர் என்ற இலவச வழிகாட்டித் தளத்தில் ஆன்யுட்டி (மொத்தப் பணம் கொடுத்து ஆயுள் முழுக்க வருமானம் வாங்குவது) விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. 67 வயது, விலைவாசியோடு ஏற வேண்டும், துணைவருக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். விலைவாசியோடு ஏறாத, முதலில் பெரிதாகத் தெரியும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதையும் இதையும் ஒப்பிடக் கூடாது. ஒரு லட்சம் பவுண்டுக்கு வருடம் 4,600 என்று வருகிறது என்று வைத்துக்கொண்டால், 3,000 பவுண்டு பென்ஷனை வாங்க 67 வயதில் சுமார் 65,000 பவுண்டு வேண்டும். அதாவது இந்த அக்காவின் 42,000 அடுத்த பதினைந்து வருடம், கட்டணமெல்லாம் போக, விலைவாசிக்கு மேல் வருடம் 3 சதவீதம் வளர்ந்தால்தான் இரண்டும் சமம். பங்குச் சந்தையில் முழுதாகப் போட்டு வைத்திருப்பவருக்கு அது நடக்கக்கூடிய காரியம். பயந்து பயந்து பாதியைக் கடன் பத்திரத்தில் வைத்திருப்பவருக்குக் கஷ்டம். இதுவரை பார்த்தால் மாற்றுவதுதான் லாபம் என்று தோன்றும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. 2020இல் மாற்றிய நண்பர் ஒருவர் "அள்ளிக் கொடுத்தார்கள்" என்று சொன்னால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2023 மார்ச்சில் நிதியமைச்சகம் இந்தத் திட்டங்களின் கணக்குக்கு அடிப்படையான வட்டி விகிதத்தை விலைவாசிக்கு மேல் 2.4 சதவீதத்திலிருந்து 1.7ஆகக் குறைத்தது. விகிதம் குறைந்தால் எதிர்காலப் பென்ஷனின் இன்றைய விலை ஏறும். அவருக்கு அன்று கிடைத்த அளவு அதே பணத்துக்கு உங்களுக்குக் கிடைக்காது.

வரியையும் வயதையும் சேர்த்துப் பாருங்கள்

இதைத்தான் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. அந்த அக்காவின் 67 வயது எப்படி இருக்கும்? முழு அரசு ஓய்வூதியம் 2026-27இல் வாரம் 241.30 பவுண்டு, வருடத்துக்கு 12,547 சொச்சம். வரியில்லா வரம்பு 12,570, அது 2031 ஏப்ரல் வரை நகராமல் வைக்கப்பட்டிருக்கிறது. அரசு ஓய்வூதியம் மட்டுமே அந்த வரம்பைக் கிட்டத்தட்ட நிரப்பிவிட்டது, அடுத்த உயர்விலேயே தாண்டிவிடும். அதற்கு மேல் அவர் பள்ளி வேலையில் சேர்க்கும் பென்ஷன் இருக்கிறது: சம்பளம் 19,600 என்றால் வருடத்துக்கு 400 சேரும், பதினைந்து வருடத்தில் 6,000. ஆக 67க்குப் பிறகு வரும் ஒவ்வொரு கூடுதல் பவுண்டுக்கும் 20 சதவீதம் வரி. 42,000 கொடுத்து வாங்கிய 3,000 கைக்கு வரும்போது 2,400தான். போட்ட பணம் திரும்ப வர பதினேழரை வருடம், அதாவது 84 வயது தாண்ட வேண்டும்.

இப்போது மாற்றாமல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். முட்டி வலி, இடுப்பு வலி, பிள்ளைகளைத் தூக்கி இறக்கி ஓடியாடி 67 வரை இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று அவருக்கே சந்தேகம். 64இல் நிறுத்த ஆசை. அந்த 42,000 விலைவாசி அளவுக்கு மட்டும் வளர்ந்திருந்தால்கூட, 64லிருந்து 67 வரை மூன்று வருடத்துக்கு வருடம் 14,000 எடுக்கலாம். அதில் கால் பங்கு, 3,500, வரியில்லாமல் வரும். மீதி 10,500 வரியில்லா வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும், அந்த வருடங்களில் வேறு வருமானம் இல்லாதவரை ஒரு பைசா வரி இல்லை. மூன்று வருடம் வீட்டில் இருக்கலாம், பள்ளிப் பென்ஷனையும் தொடாமல் 67 வரை விட்டுவைக்கலாம்.

மாற்றிவிட்டிருந்தால்? 64இல் நிற்க வேண்டுமானால் பென்ஷனை முன்கூட்டியே எடுக்க வேண்டும். மூன்று வருடம் முன்னால் எடுத்தால் பத்து சதவீதத்துக்கு மேல் வெட்டு விழும், அதுவும் ஆயுள் முழுக்க. ஏழு வருடம் முன்னால் எடுத்தால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். எடுத்த பென்ஷனும் 64இல் தனியாக வாழப் போதாது, அரசு ஓய்வூதியம் 67இல்தான் வரும். ஆகவே நிற்க முடியாமல் வேலையைத் தொடர்வார். முன்கூட்டியே நிற்க நினைப்பவருக்குத் தனியார் சேமிப்பு ஒரு பாலம் மாதிரி, அதை உடைத்து அக்கரையில் மாடி கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

67 வரை கண்டிப்பாக வேலை பார்ப்பேன், இந்தப் பணத்தை அதற்கு முன் தொட மாட்டேன் என்பவருக்கு இந்த வாதம் பொருந்தாது. அவர் தனியார் பணத்தை 67க்குப் பிறகு எடுத்தாலும் முக்கால் பங்குக்கு வரி கட்டத்தான் வேண்டும். அவருக்கு முந்தைய கணக்குதான், அதாவது 14 பவுண்டுக்கு ஒரு பவுண்டு என்பது சந்தை விலையைவிட மலிவா என்ற கணக்கு.

வரியில்லாத் தொகையையும் ஒப்பிடுங்கள். தனியார் பக்கம் 42,000இல் 10,500 அப்படியே வரும். அரசுத் திட்டத்தில் மொத்தத் தொகை வேண்டுமென்றால் பென்ஷனில் ஒரு பவுண்டை விட்டுக்கொடுத்தால் 12 பவுண்டு தருவார்கள். 14க்கு வாங்கியதை 12க்கு விற்பது. அதே 10,500 வேண்டுமானால் வருடம் 875 பவுண்டு பென்ஷன் போய்விடும். மகள் கல்யாணம், வீட்டுக் கடன் பாக்கி என்று பெரிய தொகை தேவைப்படும் என்று முன்னாலேயே தெரிந்தால், அந்தப் பணத்தை மாற்றிவிட்டு பிறகு விற்று எடுப்பதில் அர்த்தம் இல்லை.

நாம் போய்விட்டால்

இதைப் பேச வீட்டில் யாருக்கும் பிடிக்காது, ஆனால் கணக்கில் இது பெரிய இடத்தைப் பிடிக்கிறது. அந்த அக்கா 55இல் இறந்துபோனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் தனியார் பென்ஷனில் இருந்திருந்தால் முழு 42,000மும், அதன் வளர்ச்சியும், அவர் பெயர் எழுதிக் கொடுத்தவருக்குப் போகும். 75 வயதுக்கு முன் இறந்தால் பொதுவாக வருமான வரியும் இல்லை. 2027 ஏப்ரல் 6 முதல் பயன்படுத்தாத பென்ஷன் பணமும் வாரிசுரிமை வரிக் கணக்கில் சேர்கிறது என்றாலும், கணவனுக்கோ மனைவிக்கோ போனால் அந்த வரி கிடையாது. பிள்ளைகளுக்குப் போகும்போதுதான், லண்டனில் வீடும் இருந்தால், கவனிக்க வேண்டியிருக்கும்.

மாற்றிவிட்டிருந்தால், அந்த 3,000க்கு ஈடாக எல்ஜிபிஎஸ்ஸில் கணவனுக்கு வருடம் 919 பவுண்டு வரும், ஆயுள் முழுக்க, விலைவாசியோடு ஏறும். என்ஹெச்எஸ் என்றால் 33.75 சதவீதம், அதாவது ஆயிரம் சொச்சம். வேலையில் இருக்கும்போது இறந்தால் எல்ஜிபிஎஸ் மூன்று வருடச் சம்பளத்தையும் என்ஹெச்எஸ் இரண்டு வருடச் சம்பளத்தையும் கொடுக்கும். அது நல்ல தொகைதான், ஆனால் பழைய பணத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அது வரும். மாற்றியதற்காக அது அதிகமாகாது. துணை இல்லாமல், பிள்ளைகளெல்லாம் பெரியவர்களாகிவிட்டவருக்கு இதில் இழப்பு அதிகம். உடம்பு சரியில்லாதவர், குடும்பத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் குறைவு என்பவர் மாற்றவே வேண்டாம் என்பேன். அம்மா தொண்ணூறு வயதில் இன்னும் கோயிலுக்கு நடந்து போகிறார் என்றால் கணக்கு மறுபக்கம் சாயும்.

பழைய பாலிசியில் பொக்கிஷம் இருக்கலாம்

பழைய கம்பெனிக்குப் போன் போட்டு, இந்தப் பாலிசியில் உத்தரவாதம் ஏதாவது இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் எடுத்த சில பாலிசிகளில் இன்றைக்குச் சந்தையில் கிடைக்காத ஆன்யுட்டி விகிதத்தை உறுதி செய்திருப்பார்கள். மாற்றினால் அது போயே போச்சு. வெளியேறும் கட்டணம் உண்டா, 55க்கு முன்பே எடுக்கும் உரிமை உண்டா என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். பழையது தனியார் கம்பெனியின் சம்பள அடிப்படையிலான பென்ஷன் என்றால் கதை வேறு: அதுவும் உறுதியான பென்ஷன்தான், ஆகவே அங்கே கிடைக்கும் தொகையையும் வயதையும் இங்கே கிடைக்கும் தொகையோடும் வயதோடும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் போதும். அவர்கள் சொல்லும் மாற்று மதிப்பு (அந்தப் பென்ஷனுக்கு ஈடாக மாற்றித் தரும் தொகை) வழக்கமாக மூன்று மாதம்தான் செல்லும். ஏற்கெனவே வேறொரு அரசுத் திட்டத்தில் பென்ஷன் இருந்தால் அதற்கு "கிளப்" என்று தனி ஏற்பாடு இருக்கிறது, அதில் விதிகள் தாராளமானவை. இந்தக் கட்டுரையின் கணக்கை அதற்குப் போடாதீர்கள்.

10,000 பவுண்டுக்குள் உள்ள குட்டிப் பாலிசிகள் ஒன்றிரண்டு இருந்தால், 55க்குப் பிறகு அவற்றைச் சிறு தொகை விதியில் மொத்தமாக எடுக்கலாம், கால் பங்கு வரியில்லாமல். தனிநபர் பென்ஷனில் இப்படி மூன்று முறை செய்யலாம். அதைத் தெரியாமல் எல்லாவற்றையும் அள்ளி உள்ளே போட்டுவிடுகிறார்கள்.

திரும்பி வர முடியாது

என்ஹெச்எஸ், ஆசிரியர், சிவில் சர்வீஸ் திட்டங்களுக்குப் பின்னால் நிதிக் குவியல் எதுவும் கிடையாது, அரசு வரிப்பணத்திலிருந்து கொடுக்கிறது. அதனால் 2015 ஏப்ரலிலிருந்து அங்கிருந்து சாதாரணத் தனியார் பென்ஷனுக்குப் பணத்தை வெளியே கொண்டுபோக முடியாது. எல்ஜிபிஎஸ்ஸில் நிஜமான நிதி இருக்கிறது, வெளியேறவும் வழி இருக்கிறது, ஆனால் மதிப்பு 30,000 பவுண்டுக்கு மேல் போனால் கட்டணம் கொடுத்து நிதி ஆலோசகரின் கையெழுத்து வாங்கியாக வேண்டும், கொண்டுபோன தொகையே திரும்ப வரும் என்ற உறுதியும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் வேலையை விட்டுவிடுவோமோ என்று சந்தேகம் இருந்தாலும் யோசியுங்கள். வழக்கமாக அவ்வளவு சீக்கிரம் விட்டால் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கலாம், தனிநபர் பென்ஷனை மாற்றி உள்ளே கொண்டுவந்திருந்தால் அந்த வாய்ப்பு கிடையாது.

யாருக்கு மாற்றச் சொல்வேன்

மேலே நிறைய மறுப்புச் சொல்லிவிட்டேன், அதனால் மாற்றவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐம்பதுக்கு மேல் முதல் தடவையாக அரசு வேலைக்கு வந்து, தேசியக் காப்பீட்டு வருடங்களும் குறைவாக இருந்து, முதுமையில் உறுதியாக வரும் வருமானம் மெலிந்து தெரிகிறவருக்கு மாற்றுவது நல்லது. வீட்டில் துணைக்கு வேறு நல்ல பென்ஷன் இருந்து, முன்கூட்டி நிற்கும் வருடங்களை அதை வைத்துச் சமாளிக்க முடியும் என்பவருக்கும் நல்லது. இருபதுகளில், முப்பதுகளில் இருக்கும் என்ஹெச்எஸ் ஊழியர், வாங்கும் பென்ஷனுக்கும் அந்த 1.5 சதவீதம் உண்டு என்று எழுத்தில் வாங்கிவிட்டால், இங்கேயே இருக்கப்போகிறார் என்றால், ஆயிரம் இரண்டாயிரம் பவுண்டு கிடக்கும் பழைய கணக்கை உள்ளே கொண்டுவருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அப்புறம் இன்னொரு ரகம் உண்டு, எந்த வழிகாட்டியிலும் இவர்களைப் பற்றி எழுத மாட்டார்கள். 57 வயதில் கைக்கு எட்டும் பணம் என்று தெரிந்தால் ஊரில் வீடு கட்ட, தம்பி தொழில் தொடங்க, மகன் வீட்டுக்கு டெபாசிட் கட்ட என்று கேட்க ஆள் வரும். இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரியும் என்றால், யாரும் தொட முடியாத இடத்தில் பணம் இருப்பது ஒரு பாதுகாப்பு. கணக்குப்படி கொஞ்சம் நட்டமாக இருந்தாலும் எழுபதுகளில் மாதாமாதம் உங்கள் கணக்கில் பணம் ஏறும்.

இரண்டு மூன்று பழைய கணக்குகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை. ஒன்றை மாற்றி, ஒன்றைப் பாலமாக வைத்துக்கொள்ளலாம். நான் கேட்கிறவர்களிடம் அதிகமாகச் சொல்வது இதைத்தான்.

முடிவெடுத்த பிறகு

ஆலோசகரிடம் போவதானால், நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்சிஏ அமைப்பின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். 42,000 பவுண்டுக்கு அவர் கேட்கும் கட்டணம் சில சமயம் கையைக் கடிக்கும். மணிஹெல்ப்பரில் இலவசமாகப் பேசலாம், 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் பென்ஷன் வைஸ் என்ற அரசு வழிகாட்டிச் சந்திப்பும் இலவசம், இரண்டிலும் "இதைச் செய்" என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் கேள்விகளைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். திட்ட அலுவலகத்தில் உள்ளவர்கள் எண்ணைத்தான் சொல்வார்கள், நல்லதா கெட்டதா என்று சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் பதில் போடாமலே விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பழைய பென்ஷனில் உங்கள் முகவரியைப் புதுப்பித்து, யாருக்குப் போக வேண்டும் என்ற படிவத்தையும் புதிதாக நிரப்பிக் கொடுங்கள். பல வருடத்துக்கு முன் கல்யாணத்துக்கு முந்தி அப்பா பெயரை எழுதியது அப்படியே கிடக்கும்.

மாற்றுவது என்றால், மதிப்பீட்டின் கடைசித் தேதிக்குள் கையெழுத்திட்டு அனுப்புங்கள். தனியார் பென்ஷனின் தொகை சந்தையோடு ஏறி இறங்குவதால், கடிதத்தில் இருந்த 3,000 கடைசியில் 2,940 என்றோ 3,050 என்றோ வரலாம், அது தவறு இல்லை. பணம் போய்ச் சேர்ந்ததும் எவ்வளவு பென்ஷன் ஏற்றப்பட்டது என்று உறுதிக் கடிதம் வாங்கிப் பழைய மதிப்பீட்டோடு சேர்த்து வையுங்கள். எல்ஜிபிஎஸ்ஸில் வருடாந்தர அறிக்கை ஆகஸ்ட் 31க்குள் வந்தாக வேண்டும். அதில் மாற்றி வந்த பென்ஷன் தனி வரியாகவோ மொத்தத்தில் சேர்ந்தோ இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள்.